ஒரு வாய் தெம்புராணி

முழுங்கக் கூடாதாம். வாயில வச்சிக்கிட்டு சும்மா ஒக்காந்திருக்கணுமாம். சொன்னது சம்யுக்தா மேடம், கோயம்புத்தூர்க்காரங்க, ஒயினு குடிக்கிறதுக்குன்னே வெளிநாடு போயி படிச்சிட்டு வந்தவங்க, அதுக்கும் ஒரு படிப்பு இருக்குது பாருங்க, நமக்குத்தான் யாரும் சொல்லல. "உங்க முறை வர்ற வரைக்கும் வாய்க்குள்ளயே இருக்கட்டுங்ணா, அப்புறமா முழுங்கிட்டு என்ன வாசன வந்துச்சுன்னு சொல்லுங்க, போதும்"னாங்க. போதுமாம்! நம்ம அமலோரு என்னா பண்ணாரு, மேடம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள மொத ஆளா கிளாஸ எடுத்து ஒரு வாய் ரொப்பிக்கிட்டாரு, முறையோ கடைசி முறை, இப்ப ரெண்டு கன்னமும் கடல பதுக்குன கொரங்கு மாதிரி உப்பிக்கிட்டு நிக்குது. பதினாலு வருசமா புதுச்சேரி கடக்கர பக்கத்துல அந்த மஞ்ச செவுரு ரெஸ்டாரண்டுல தட்டு தூக்குற மனுசன், அந்தப் பதினாலு வருசத்துல அவரு வாய மூடி யாரும் பாத்ததில்ல, இன்னைக்கு மத்தியானம் மூணு மணிக்கு, சாப்பாட்டு நேரம் முடிஞ்சி நாற்காலியெல்லாம் மேச மேல தலகீழா கவுந்து கெடக்கறப்ப, ஸ்பெயினு நாட்டு ஒயினு ஒண்ணு வந்து மூடிடுச்சி. எதுத்தாப்புல மொரீசு, தனவேலு, பாரு கவுண்டர பாத்துக்கிற புகழேந்தி. நாலு பேரு, நாலு கிளாசு. இதுல ரெண்டு பேருதான் வெள்ளிக்கெழமலேர்ந்து ஹால்ல நின்னு ஒயினு ஊத்தணும்னு முதலாளி சொல்லிட்டாரு, யாரு அந்த ரெண்டு பேருன்னு மேடம்தான் முடிவு பண்ணணும். மத்த ரெண்டு பேரு பின்னால, தட்டு தொடைக்கிற ரூமு. அங்க ஜன்னலு கூட கெடையாது. பேசுனா கேக்கறதுக்கு ஒரு கொழாயும் ஈரத்துணியும்தான். அதக்கூட சமாளிச்சிடலாம், கொழா மாதிரி பேசி ஈரத்துணிய சிரிக்க வச்சிடுவாரு. ஆனா வாசன. வாசனக்கி எங்க போவாரு? ஐப்பசி மாசம் வந்த ஜொரம் போச்சி, போறப்ப அவரு மூக்கையும் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சி. மூக்கு இருக்குது, நல்லாதான் இருக்குது, கண்ணாடி மாட்ற மாதிரி எடுப்பா இருக்குது. உள்ள ஆளு இல்ல. இது யாருக்கும் தெரியாது. இப்ப மாசம் மாசி.

ஜன்னலு வழியா வெயிலு வந்து கிளாசுல எறங்கி, வெள்ளத் துணி மேல செவப்பா ஒரு வட்டம் போட்டிருக்குது, மேல ஃபேன் சுத்தச் சுத்த அந்த வட்டம் லேசா ஆடுது, ஊருல தண்ணிக்கடியில கெடக்குற காசு மாதிரி, இல்ல, காசு மாதிரி இல்ல, கண்ண மூடிக்கிட்டு சூரியனப் பாத்தா இமைக்குள்ள தெரியுமே, அந்தச் செவப்பு. அமலோரு அதையே பாத்துக்கிட்டு இருக்காரு. பேரு என்னமோ சொன்னாங்களே மேடம், டெம்ப்ரனீயோ, ஆமா, அது திராட்ச பேராம், வெல கம்மிதான் ஆனா வெலய வெளிய காட்டாதாம், அதான் முதலாளிக்குப் புடிச்சிப் போச்சி. தனவேலு காதுல அது தெம்பு ராணியோன்னு வுழுந்து, "யாருண்ணே அது தெம்பு ராணி, நம்ம வில்லியனூரு பக்கமா?"ன்னு அவன் கேட்டதுலேர்ந்து இந்த பாட்டிலுக்கு பேரு தெம்புராணி. தெம்புராணி இப்ப அமலோரு வாய்க்குள்ள ஒக்காந்திருக்கா. நாக்கு மேல, பல்லு சந்துல, அண்ணத்துல எல்லாம் அவதான். வாசன மட்டும் வரல. வா தாயின்னு மூச்ச இழுக்குறாரு, மூக்குல வழி பூரா காத்துதான் போவுது வருது, ஆளில்லாத தெருவுல பஸ்சு போயிட்டு வர்ற மாதிரி. சரி, ஞாபகத்துலேர்ந்தாச்சும் ஒண்ண எடுப்போம்னு உள்ள துழாவுறாரு. காலையில ரொட்டிக் கடையில மொத ஈடு ரொட்டி எறக்குவான், தெருவே எந்திரிச்சி ஒக்காரும். அந்த ரொட்டி தெரியுது, பொன்னெறமா தெரியுது, கையில சுடுது, வாசன இல்ல. டிவியில சத்தத்த கொறச்சி வச்ச மாதிரி, எல்லாரும் வாய அசைக்கிறாங்க, ஒண்ணும் கேக்கல. சத்தமில்லாத டிவின்னா அமலோருக்கு கொண்டாட்டம், அவரே எல்லாருக்கும் குரலு குடுத்துடுவாரு. ஆறு மாசமா அதத்தான் பண்ணிக்கிட்டு இருக்காரு. ஆறா? ஐப்பசி, கார்த்திக, மார்கழி, தையி, மாசி, அஞ்சு. அஞ்சு மாசமா வாசனக்கி டப்பிங்.

"மொரீஸ், நீங்க சொல்லுங்க"ன்னாங்க மேடம். மொரீசு கடக்குன்னு முழுங்கிட்டு, மூஞ்ச வானத்தப் பாத்து தூக்கி, கண்ண பாதி மூடி, "செர்ரி வருது மேடம்"னான். அமலோரு வெடுக்குன்னு அவன் பக்கம் திரும்புனாரு. அது அவரு வார்த்த! அடப்பாவி, அது அவரோட செர்ரி! எட்டு வருசத்துக்கு முன்னாடி பதினோராம் நம்பர் மேசயில ஒரு பம்பாய்க்காரரு, குண்டா, மோதிரமா போட்டுக்கிட்டு, கிளாச சுத்திச் சுத்தி நாலு வார்த்த சொன்னாரு, செர்ரி, வெனிலா, புகையில, லெதரு. அமலோரு பின்னால நின்னு நாலையும் அப்டியே லபக்குன்னு புடிச்சிக்கிட்டாரு, மோதிர வெரலு ஆட்டத்தோட, தொண்டக் கரகரப்போட. அன்னியிலேர்ந்து கிச்சன்ல அந்த பம்பாய்க்காரர பண்ணிக் காட்டுறதுதான் அவரு பேர்போன அயிட்டம். பாத்துப் பாத்து இவனுங்க கத்துக்கிட்டானுங்க. அவரு கிட்ட இருந்ததே நாலு வார்த்த, அதுல ஒண்ணு போச்சி. "எந்த செர்ரி?"ன்னாங்க மேடம், விடல. "கேக்கு மேல வைப்பாங்களே மேடம், அது." டேய், அது செர்ரியே இல்லடா, அது கலாக்காடா, கலாக்காய சக்கரப் பாகுல ஊறப்போட்டு செவப்புச் சாயம் ஏத்தி வச்சிருக்கான்டான்னு அமலோருக்கு தொண்ட வரைக்கும் வருது, தொண்டக்கி முன்னாடி தெம்புராணி ஒக்காந்திருக்கா, வழி வுட மாட்டேங்கறா. மேடம் எழுதிக்கிட்டாங்க. பேனா கருப்புப் பேனா, மூடி இல்ல, கீச்சு கீச்சுன்னுது.

வாய்க்குள்ள இப்ப என்னமோ மாறுது. மொதல்ல புளிப்பா இருந்திச்சி, கன்னத்து ஓரத்துல எச்சி ஊற வச்சிச்சி, இப்ப அந்தப் புளிப்பு பின்னால நவுந்துக்கிச்சி, வேற ஒண்ணு சத்தம் போடாம செருப்ப வெளிய வுட்டுட்டு உள்ள வருது. வந்து ஈறு மேல ஒக்காருது. நாக்குக்கு யாரோ கம்பளி போத்துறாங்க. என்னா இது, தெரிஞ்ச ஆளு மாதிரி இருக்குது, எங்கயோ பாத்திருக்கோம், நாவப்பழம் தின்னுட்டு நாக்கு கனத்துப் போயி பேச்சு கொழறுமே, வாழப்பூ நறுக்குனா வெரலு கறுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டுமே, கொட்டப்பாக்க கடிச்ச ஒடனே வாயி உள்பக்கமா சுருங்குமே, எல்லாத்துலயும் நின்னுச்சே இந்த ஆளு, பேரு வாயில வர மாட்டேங்குது, வாயில வந்துட்டதுனாலயே வர மாட்டேங்குது. வாயி ஒரு ரூமு மாதிரி ஆயிடுச்சி அமலோருக்கு. இருட்டு ரூமு, செவப்புத் திரை போட்டு, அதுக்குள்ள அவரே நடந்து போறாரு, முழங்கா வரைக்கும் செவப்புத் தண்ணி, அங்கங்க மேச மெதக்குது, மேசக்கி மேச பழைய கஸ்டமருங்க ஒக்காந்திருக்காங்க, டில்லிக்கார அம்மா, பெங்களூருலேர்ந்து வாரக் கடைசிக்கு வர்ற பசங்க, தனியா வந்து தனியா போற பிரெஞ்சுக்காரக் கெழவரு, எல்லாரும் கிளாச தூக்கி ஒரே வார்த்தய கேக்குறாங்க, "ட்ரை? ட்ரை?" கேட்ட ஒடனே அமலோரு ஊத்துவாரு, ரெண்டு வெரக்கட கூட இல்ல, ஒரே ஒரு மடக்கு. ட்ரை பண்ணிப் பாக்கறேன்னுதான கேக்குறாங்க, பண்ணட்டுமே, நம்ம வூட்டு ஒயினா? சில பேரு ஒரு மாதிரி பாப்பாங்க, அப்புறம் குடிப்பாங்க, குடிச்சிட்டு சிரிப்பாங்க. ஊத்துனா சிரிக்கிறாங்க, இதவிட தொழிலுல என்னா இருக்குது. தண்ணிக்குள்ள நடந்துக்கிட்டே ஊத்துறாரு, ஊத்துறாரு, கடைசி மேசயில முதுகு காட்டிக்கிட்டு ஒரு பொம்பள, தலையில ஆரஞ்சு கலருல பூவு.

ரெஜினா. அவரு பொண்டாட்டி. அய்யோ அத ஏன் இப்ப. போன வாரம் செவ்வாக்கெழம, வேல முடிஞ்சி வூட்டுக்குப் போறாரு, அவ முதுகக் காட்டிக்கிட்டு அரிசி பொடைக்கிறா, தலையில பூவு. பழக்கம் பாருங்க, கல்யாணம் ஆன நாளுலேர்ந்து பூவப் பாத்தா ஒரு டயலாக்கு, "என்னாடி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூக்குது வாசன!" அன்னைக்கும் சொன்னாரு. மூக்குல ஒண்ணும் இல்லன்னாலும் கண்ணுல பூவு தெரிஞ்சிச்சில்ல, சொல்லிட்டாரு. ரெஜினா மொறத்த நிறுத்துனா. திரும்பல. "யோவ், இது கனகாம்பரம்யா"ன்னா. கனகாம்பரம்! ஒலகத்துல எந்த மூக்குக்கும் எட்டாத பூவு, கலருக்குன்னே பொறந்த பூவு, அதுல போயி வாசன! அமலோரு சும்மா இருப்பாரா, சட்டுன்னு பூக்காரி குரலுக்கு மாறி, "எங்கூட்டு கனகாம்பரம் மணக்கும்மா, சென்ட்டு போட்ட கனகாம்பரம்மா"ன்னு ராகம் இழுத்தாரு. அவ சிரிச்சா. சிரிச்சாதான். ஆனா மறுநாளும் கனகாம்பரம். அதுக்கு மறுநாளும். மல்லி சீப்பா விக்கிற சீசன்ல எவளாச்சும் நாலு நாளு கனகாம்பரம் வைப்பாளா? வச்சிக்கிட்டு அவரு பக்கத்துல வந்து ஒரு நொடி நிக்கிறா, பஸ்சுக்கு நிக்கிற மாதிரி. அவரு வாயத் தொறந்தா வேற குரலு வருது, டில்லிக்கார அம்மா வர்றாங்க, பம்பாய்க்காரரு வர்றாரு. அவ நகந்து போயிடுறா. தெரிஞ்சி போச்சோ? தெரிஞ்சா கேக்க வேண்டியதுதான? கேக்காம பூவ மாத்திக்கிட்டு நிக்கிறது என்னா வெளயாட்டு? இல்ல, சும்மா கனகாம்பரம் புடிச்சிருக்குமோ? அவ கழுத்துகிட்ட ஒரு வாசன உண்டு, பவுடரு, வெங்காயம், கொஞ்சம் வேர்வ, மூணும் சேந்தா ரெஜினா. பேரு தெரியுது, மூணும் தெரியுது, கூட்டிப் பாத்தா ரெஜினா வர மாட்டேங்கறா. அதுதான் பயம். தட்டு தொடைக்கிற ரூமு கூட அப்புறம். அதுக்கும் முன்னாடி ஒரு நாளு கேஸு அடுப்பு திருகி நிறுத்தாம கெடந்து, அவரு பக்கத்துலயே ஒக்காந்து செல்லு பாத்துக்கிட்டு இருந்தாரு, ரெஜினா ஓடி வந்து ஜன்னல தொறந்து, "மூக்கு என்னா கண்ணாடி மாட்டவா வச்சிருக்க?"ன்னு கத்துனா. சளின்னாரு. தும்மிக் காட்டுனாரு, நாலு விதமா. தீக்குச்சி மட்டும் கிழிச்சிருந்தா, வேணாம், அந்தப் பக்கம் போவ வேணாம்.

"தனவேலு?" தனவேலு முழுங்குனான். "வெனிலா மேடம். அப்புறம்... புகையில." டேய், ரெண்டா! ஒரு ஆளுக்கு ஒண்ணுதான்டா நியாயம்! வெனிலான்னா இவனுக்கு கப்பு ஐஸ்கிரீமு, அத வுட்டா வேற தெரியாது. மேடம் புருவத்த தூக்கி, "வெனிலா எங்கிருந்து வருது தனவேலு?"ன்னாங்க. "பின்னாடிலேர்ந்து மேடம்"னான், திரும்பிப் பாத்துக்கிட்டே. மொரீசு மேசக்கடியில குனிஞ்சி சிரிக்கிறான். மூணு போச்சி. லெதரு மட்டும் பாக்கி. மாதாவே, லெதர மட்டும் காப்பாத்து, அந்தப் புகழேந்தி பைய பாருக்குள்ளயே கெடக்குறவன், அவனுக்கா வார்த்த இல்ல, அவன் வேற எதாச்சும் சொல்லட்டும். புகழேந்தி கிளாச சுத்துனான், மோதிர வெரல ஆட்டுனான், அட அந்த வெரல கூட வுட்டு வைக்கலயா, "லெதர் மேடம்"னான், "பழைய லெதரு." பழச வேற சேத்துக்கிட்டான். முடிஞ்சி போச்சி. வாய் நெறைய ஒயினு இருக்குது, வாயில ஒத்த வார்த்த இல்ல.

"அமலோரண்ணா, அப்டியே இருங்க, முழுங்காதீங்க, முதல்ல ஒண்ணே ஒண்ணு"ன்னாங்க மேடம், பேனாவ தூக்கிப் புடிச்சிக்கிட்டு, "ட்ரையா?" அவ்வளவுதான். கேட்ட ஒடனே கை தானா போயிடுச்சி. மூளைக்கு சேதி போறதுக்குள்ள பாட்டில எடுத்து, பாட்டிலு கழுத்துல துணிய சுத்தி, மேடம் கிளாசுல ஒரே ஒரு மடக்கு ஊத்தி, சொட்டு வுழாம திருகி நிமித்தி, கைய நீட்டி, பண்ணுங்க மேடம்னு தலைய ஆட்டுனாரு, ரெண்டு கன்னமும் உப்புனபடி. மேடம் கிளாசப் பாத்தாங்க. அவரப் பாத்தாங்க. "அண்ணா, நான் ட்ரை பண்ணவான்னு கேக்கலீங்ணா. ட்ரைன்னா இனிப்பு இல்லாத ஒயினு. இது இனிப்பு இல்லாததான்னு கேட்டேன்." மூணு பசங்களும் மேசயத் தட்டித் தட்டி சிரிக்கிறானுங்க, "அண்ணே காமெடி பண்றாரு மேடம்!"னு. அமலோரு காமெடி பண்ணல. வாய்க்குள்ள அந்த இருட்டு ரூமுல பதினாலு வருசத்து மேசயும் ஒரேடியா திரும்பிப் பாக்குது. டில்லிக்கார அம்மா, பெங்களூரு பசங்க, பிரெஞ்சுக்காரக் கெழவரு. ஒருத்தரும் ட்ரை பண்றேன்னு கேக்கல. இனிக்குமா இனிக்காதான்னு கேட்டிருக்காங்க. இவரு பதிலே சொல்லாம ஊத்தியிருக்காரு. ஒருத்தராச்சும் சொன்னாங்களா, யோவ் கேட்டது அது இல்லன்னு? சொல்லல. குடிச்சிட்டு சிரிச்சாங்க. ஒரு நொடி நின்னு பாத்துட்டு, சிரிச்சிட்டு, வுட்டுட்டாங்க. அரிசி பொடைக்கிறத நிறுத்திட்டு ஒரு நொடி நின்னாளே ரெஜினா, அந்த மாதிரி. சிரிச்சாதான். அவ தெரியாம சிரிச்சான்னா நெனச்ச?

முழுங்குனாரு. தெம்புராணி எறங்கிட்டா. அவ போயும் ஈறு மேல ஒக்காந்த ஆளு மட்டும் எந்திரிக்கல, அப்பதான் பேரு வந்துச்சி, எவ்வளவு சுளுவான பேரு, துவர்ப்பு. "வாசன சொல்லுங்ணா"ன்னாங்க மேடம். அமலோரு பம்பாய்க்காரர கூப்புட்டாரு, வரல. பிரெஞ்சுக் கெழவர கூப்புட்டாரு, அவரும் இல்ல. வாயத் தொறந்தாரு. "வாசன வரல மேடம். ஐப்பசியிலேர்ந்து எனக்கு எந்த வாசனயும் வரல. ஜொரத்துல போச்சி. இனிப்பு இல்ல. மொதல்ல புளிக்குது. அப்புறம் துவர்க்குது. மேல் ஈறுல புடிக்குது, நாவப்பழம் தின்ன மாதிரி, ஆனா நாவப்பழம் மாதிரி முரட்டுத்தனமா இல்ல, புடிச்சிட்டு வுட்டுடுது. வாய கழுவி வுட்ட மாதிரி இருக்குது. எண்ணெ விட்டு வறுத்த வஞ்சரத்துக்கு இது சரியா இருக்கும். கருவாட்டுக்கு வேணாம், உப்போட சண்ட போடும். அவ்வளவுதான் மேடம் எனக்குத் தெரியுது."

தனவேலு கண்ண வெரிச்சிக்கிட்டு, "செமண்ணே! யாருண்ணே இது? எந்த கஸ்டமரு? இந்தக் குரல நீ பண்ணி நான் பாத்ததே இல்லயே!"ன்னான். மொரீசு, "ஏழாம் நம்பர் மேச டாக்டர் சாரு மாதிரி இருக்குது இல்ல?"ன்னான். புகழேந்திதான் மொதல்ல சிரிப்ப நிறுத்துனான். "இது நாந்தான்டா"ன்னாரு அமலோரு. அதுவும் அதே குரலுலதான் வந்துச்சி, கொஞ்சம் கரகரப்பா, ரொம்ப நாளு மடிச்சி வச்ச சட்ட மாதிரி கசங்கி. மேடம் பேனாவுக்கு மூடியத் தேடி எடுத்துப் போட்டாங்க. "இந்த துவர்ப்புக்கு எங்க காலேஜுல பத்து பக்கம் எழுத வச்சாங்கண்ணா, ஒருத்தரும் வஞ்சரம் வரைக்கும் போகல"ன்னாங்க. அப்புறம், "வெள்ளிக்கிழம வஞ்சரம் போடறோம். ஹால்ல நீங்க நில்லுங்க. வாசன கேட்டா புகழேந்தி சொல்லுவாரு, உங்கள யாராச்சும் ட்ரையான்னு கேட்டா..." "பதிலு சொல்லிட்டு ஊத்தறேன் மேடம்." "ஊத்தறத நிறுத்த மாட்டீங்க?" "சிரிக்கிறாங்க மேடம்." மேடமே சிரிச்சிட்டாங்க. எந்திரிக்கிறப்ப கொரல எறக்கி, "வூட்டுல தெரியுங்களா?"ன்னு கேட்டாங்க. அமலோரு இல்லன்னு தலைய ஆட்டுனாரு, அப்புறம் தெரியும்னு ஆட்டுனாரு, ரெண்டுமே நெசந்தான்.

வெள்ளத் துணி மேல அந்தச் செவப்பு வட்டம் இன்னும் ஆடிக்கிட்டே இருக்குது. ஈறுல துவர்ப்பு கொஞ்சம் கொஞ்சமா எந்திரிச்சிப் போவுது. அமலோரு நாற்காலிய எறக்கிப் போட்டுக்கிட்டே ஒத்திகை பாக்குறாரு, ஒரே வரிதான், டில்லிக்கார அம்மா குரலுல சொல்லிப் பாக்குறாரு, சரியில்ல, பூக்காரி குரலுல பாக்குறாரு, சரியில்ல, கசங்குன குரலுல ஒருக்க மெதுவா. ம், இதான். போற வழியில ரெண்டு மொழம் கனகாம்பரம் வாங்கிக்கிட்டுப் போயி, அவ கையில குடுக்காம தலையில தானே வச்சி வுட்டு, கழுத்துகிட்ட நின்னு சொல்லணும், வாசன வரலடி. அவளுக்குந்தான் வராது அந்தப் பூவுல. அந்த ஒரு பூவுக்கு முன்னால ரெண்டு பேரும் ஒண்ணு.